சின்னக் குதிரையும் பெரிய குதிரையும்

எங்க கம்பெனியில எங்க அண்ணிக்குப் பேரு திருத்தக்கா. அந்தப் பேரை யாரு வச்சாங்கன்னு தெரியல, வச்சவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். அண்ணிக்கு என்ஜின் டெஸ்ட் ரூம்ல வேலை. புதுசா செய்யற கார் என்ஜினை அங்க கொண்டுவந்து, டைனோங்கற மெஷினோட கோத்து, முழு வேகத்துல ஓட விடுவாங்க. டைனோ அதைப் பிடிச்சு இழுக்கும். அந்த இழுப்பை மீறி என்ஜின் எவ்வளவு பலம் காட்டுதோ அதைப் பார்த்து, இத்தனை குதிரைசக்தி, எங்க பேச்சுல இத்தனை குதிரைன்னு அண்ணி சொல்லணும். இதுல ஒரு சிக்கல். வெயில் நாள்ல காத்து மெலிஞ்சு கிடக்கும், என்ஜினும் இளைச்ச மாதிரி காட்டும். குளிர்ந்த நாள்ல கொழுத்த மாதிரி காட்டும். அதனால அன்னைக்கு இருக்கற சூடு, ஈரம், காத்தழுத்தம் எல்லாத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டு, பொதுவான ஒரு நாள்ல அது எவ்வளவு இருக்கும்னு சரி பண்ணணும். அதுக்குத்தான் திருத்தம்னு பேரு.

இந்தப் பழக்கம் டெஸ்ட் ரூமோட நின்னிருந்தா நான் ஏன் பேசப் போறேன். வீட்டுக்கும் வரும். எங்க அண்ணன் பஸ் டிரைவர். "கொஞ்ச நேரத்துல வந்துடறேன்"னு கிளம்புவார். "கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்?"னு அண்ணி கேட்பாங்க. "பத்து"ன்னு சொன்னா, "சாயங்கால நெரிசல். பதினேழுன்னு வச்சுக்கறேன்"னு திருத்துவாங்க. அவரும் எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துட்டார், பதினேழாவது நிமிஷம்தான் வாசல்ல வந்து நிக்கறார். எடை பார்க்கற மெஷின்ல நான் ஏறினா, செருப்புக்கு அரை கிலோ கழிச்சுட்டு, கையில இருக்கற பையைத் தனியா நிறுத்திட்டு, அப்புறம்தான் நான் குண்டா இல்லையான்னு தீர்ப்புச் சொல்வாங்க. நாத்தனார்ங்கற மரியாதையெல்லாம் அதுல கிடையாது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி டெஸ்ட் ரூமுக்கு ஒயர் மாத்தறதுக்குன்னு ரெண்டே ரெண்டு வாரத்துக்கு வந்தவங்க அண்ணி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிச்சவங்க. மூணாவது நாள் என்ஜின் ஓடறதைக் கண்ணாடி வழியாப் பார்த்திருக்காங்க. புகைக்குழாய் செவப்பாப் பழுத்து, தரை அதிர்ந்து, காதுல மாட்டின கவசத்தையும் தாண்டிச் சத்தம் நெஞ்சுல இறங்கியிருக்கு. "அன்னைக்கு எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லடி"ன்னு என்கிட்ட சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரம் முடிஞ்சும் அந்த ஆளு வெளியில வரல. இன்னைக்கு வரைக்கும் என்ஜின் கிளம்பினா அண்ணி முகத்துல அந்தச் சிரிப்பு வரும், நான் பார்த்திருக்கேன்.

நான் அதே கம்பெனியில ஃபாரம் எழுதற பிரிவு. கான்ட்ராக்ட் வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும், வாய் கொஞ்சம் நீளம். ஆனா எழுத்து சுத்தமா இருக்கும். சுத்தமா இருக்கும்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

இப்போ குதிரை விஷயத்துக்கு வரேன். குதிரையில ரெண்டு சாதி இருக்கு. ஒரு ஊர்க்காரங்க அளந்து வச்ச குதிரை கொஞ்சம் பெரிசு, அது ஹெச்.பி. இன்னொரு ஊர்க்காரங்க அளந்தது கொஞ்சம் சின்னது, அது பி.எஸ். நூறு சின்னக் குதிரை சேர்ந்து இழுத்தா தொண்ணூத்தெட்டரைப் பெரிய குதிரை இழுக்கற இழுப்புதான் வரும். எங்க டெஸ்ட் ரூம் டைனோ சின்னக் குதிரைக்காரங்க செஞ்சது, அதனால திரையில எப்பவும் சின்னக் குதிரைதான் ஓடும். ஃபாரத்துல பெரிய குதிரைதான் அச்சடிச்சிருக்கும். நடுவுல மாத்தி எழுதறது என் வேலை.

ஒன்பது மாசத்துக்கு முன்னாடி புது ரேஸ் மாடல் காரோட என்ஜினை அண்ணி முதல் தடவையா முழுசா ஓட விட்டாங்க. ஓட்டி முடிச்சதும் எனக்குத்தான் போன். "எண்ணூறு வந்துடுச்சுடி. சின்னதுல." குரல்ல அவ்வளவு குஷி. எனக்கும் தொத்திக்கிச்சு. பக்கத்து மேஜைக்காரங்களுக்கெல்லாம் எண்ணூறு எண்ணூறுன்னு தம்பட்டம் அடிச்சிட்டு, அதே கையோட ஃபாரத்துலயும் எண்ணூறுன்னே எழுதிட்டேன். அண்ணி கையெழுத்துப் போட்டாங்க. ஃபாரம் விற்பனைப் பிரிவுக்குப் போயிடுச்சு.

போன திங்கக்கிழமை கேன்டீன் சுவர்ல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. செவப்புக் கார், பக்கத்துல ஆள் உயரத்துக்கு எழுத்து. 'எண்ணூறு குதிரை. ஒண்ணு குறையாது.' கீழே பொடி எழுத்துல ஹெச்.பி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அண்ணி அதைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எண்ணூறு சின்னக் குதிரைன்னா பெரியதுல எழுநூத்தி எண்பத்தொம்பதுதான். ஓடிப்போய் பழைய ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்துத்தான், முத்து முத்தா.

"நான்தான் அண்ணி மாத்தாம விட்டுட்டேன்"னேன்.

"தெரியும். நீ இங்கயே இரு"ன்னு சொல்லிட்டு அவங்க மட்டும் மேலே போனாங்க.

நான் இருக்கச் சொன்ன இடத்துல என்னைக்கு இருந்தேன். பின்னாடியே போய்க் கதவு ஓரமா நின்னேன். எங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கற தலைவருக்கு நாங்க வச்ச பேரு அவசரம் சார். எதைக் கேட்டாலும் நேத்தே வேணும்பார். அண்ணி அவர்கிட்ட, "சார், தப்பான எண்ணு என் ரூம்லேர்ந்து போயிடுச்சு"ன்னாங்க. என் பேரை எடுக்கவே இல்ல. அவர் குதிச்ச குதியைச் சொல்லி முடியாது. போஸ்டர் ஊரெல்லாம் போயாச்சு, சாட்சி வியாழக்கிழமை வர்றார், என்ன பண்ணப் போறீங்கன்னு கத்தினார்.

சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்ல. கம்பெனி தானே அளந்து தானே பீத்திக்கிட்டா யாரு நம்புவா? அதனால வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து, பக்கத்துல நின்னு பார்த்து, சர்டிஃபிகேட்டுக்குக் கையெழுத்துப் போடுவார். மூணு தடவை ஓட்டி சராசரி எடுக்கணும். விளம்பரம் பண்ணின எண்ணுக்கும் அளந்ததுக்கும் நூத்துக்கு ஒண்ணுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. எண்ணூறுன்னு சொன்னா குறைஞ்சது எழுநூத்தித் தொண்ணூத்திரண்டு வரணும். எங்ககிட்ட மூணு குதிரை குறையுது.

"மூணு குதிரையைக் கொண்டு வாங்க. இல்லைன்னா அந்த ரூமுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். நீங்க ஸ்டோருக்குப் போகலாம்"னார் அவசரம் சார். அண்ணி சரின்னு சொல்லிட்டு வெளியில வந்தாங்க. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. அப்படி இறங்கி நான் பார்த்ததில்ல. எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்துல அழுகைகூட வரல.

செவ்வாய்க்கிழமை முழுக்க மூணு குதிரையைத் தேடினாங்க. காத்து வடிகட்டியை மாத்தினாங்க, பெட்ரோல் சூட்டைச் சரிபார்த்தாங்க, ஒவ்வொரு இணைப்பா இறுக்கினாங்க. ஓட்டினா எழுநூத்தி எண்பத்தொம்பது. மறுபடியும் ஓட்டினா தொண்ணூறு. தலைகீழா நின்னாலும் அதுக்கு மேல ஏறல.

சாயங்காலம் அவசரம் சார் டெஸ்ட் ரூமுக்கே வந்துட்டார். குரலைத் தழைச்சுக்கிட்டு, "அந்தத் தெர்மாமீட்டர் ஸ்டாண்டைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமா நகர்த்தினா என்ன? சுவர் சூடா இருக்கு, ரெண்டு டிகிரி கூடக் காட்டும். திருத்தம் தானா ஏறிடும்ல"ன்னார். எனக்கே கணக்குப் புரிஞ்சுடுச்சு. ரெண்டு டிகிரின்னா மூணு குதிரை. இந்த மூளையை எங்க ஒளிச்சு வச்சிருந்தார் மனுஷன்னு எனக்கு ஆச்சரியம்.

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கல. "தெர்மாமீட்டர் எங்க நிக்கணுமோ அங்கதான் சார் நிக்கும். நான்தான் எங்க நிக்கறதுன்னு தெரியாம இருக்கேன்."

அவர் போனதும், "அண்ணி, ரெண்டு டிகிரி தானே"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நான் பேசல. நான் பேசாம வந்ததைப் பார்த்து, உடம்பு சரியில்லையான்னு அண்ணன் நெத்தியில கை வச்சுப் பார்த்தார்.

புதன்கிழமை காலையில சர்டிஃபிகேட் ஃபாரத்தை எடுத்து வச்சேன். நாலு பக்கம். இந்தத் தடவை ஒரு வரிகூடப் பழசைப் பார்த்துக் காப்பி அடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தேன். சூடு கண்ட பூனை நான். ஒவ்வொண்ணா நேர்ல பார்த்து, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எழுதிட்டு வந்தேன். மூணாவது பக்கத்துல ஒரு கேள்வி. 'சைலன்சர் வெளிக்குழாய்கள்: எத்தனை?' பழைய ஃபாரத்துல ரெண்டுன்னு இருந்துச்சு. எனக்கு சைலன்சருக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணியைப் போய்ப் பிடிச்சேன்.

"வாங்க, காரைப் பார்க்கணும்."

"எந்தக் காரை?"

"நம்ம காரைத்தான். குழாயை எண்ணணும்."

"ரெண்டுதான். டெஸ்ட் ரூம்ல மாட்டியிருக்கோமே."

"நான் கண்ணால பார்த்துத்தான் எழுதுவேன். வர்றீங்களா, இல்ல நானே போய் எதையாவது எண்ணிட்டு வரட்டுமா?"

திட்டிக்கிட்டே வந்தாங்க. பின்பக்க ஷெட்டுல கார் துணி போர்த்தி நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, ஒன்பது மாசமா என்ஜினோட குடித்தனம் நடத்தற அண்ணி காரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அவங்களுக்கு என்ஜின்தான் கார். காவல்காரர் துணியைப் பின்பக்கமாத் தூக்கினார். அந்தச் செவப்பு எங்க முகத்துலயே அடிச்சது. தாழ்ந்து, அகலமா, இப்பவே கிளம்பிடும் போல நின்னுச்சு. நான் வாயைப் பிளந்துட்டேன். அண்ணி உட்கார்ந்து, அடியில குனிஞ்சு பார்த்தாங்க. விரலால தொட்டுத் தொட்டு எண்ணினாங்க. திரும்பவும் எண்ணினாங்க.

"நாலு"ன்னாங்க. குரலே மாறிப் போச்சு. "நாத்தனாரே, இதுக்கு நாலு குழாய் இருக்கு."

"இருந்தா என்ன?"

"என்னவா? ரெண்டு குழாய் வழியா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு அங்க நம்ம என்ஜின். வாயைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியா? கார்ல என்ன மாட்டியிருக்கோ அதை மாட்டித்தான் அளக்கணும்னு விதியே இருக்கு. நாம பழைய சைலன்சரை வச்சு அளந்துக்கிட்டு இருக்கோம்." அப்படியே என் கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளினாங்க. வலிச்சது. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

வரைபடப் பிரிவுக்குப் போன் போட்டாங்க. ஆமாம், சைலன்சரை மாத்தி மூணு மாசம் ஆச்சு, அன்னைக்கே அவசரம் சாருக்கு மெயில் போட்டுட்டோம்னாங்க. அவருக்கு 'அவசரம்'னு தலைப்புப் போடாத மெயிலைத் திறக்கற பழக்கமே கிடையாதே. அண்ணி அதுக்கெல்லாம் நிக்கல. ஸ்டோருக்கு ஓடினாங்க. ஓடினாங்கன்னா நிஜமாவே ஓடினாங்க, அம்பது வயசுல, கையில ஹெல்மெட்டோட. புது சைலன்சர் ஒண்ணு அட்டைப்பெட்டியில பிரிக்காம இருந்துச்சு. ஃபிட்டர் அண்ணன்கள் ரெண்டு பேர் அதைத் தூக்கிட்டு வந்தாங்க. டெஸ்ட் ரூமோட பெரிய புகைப் பாதையில ரெண்டு வாய்தான் இருந்துச்சு, அதை நாலாக்கி வெல்டு வச்சு முடிக்கறதுக்கு மறுநாள் காலையில ஒன்பது ஆயிடுச்சு. ஒன்பதரைக்கு சாட்சி வந்துட்டார். ஓட்டிப் பார்க்க நேரமே இல்ல.

சாட்சி ஒல்லியா, சட்டைப் பித்தான் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். மரப்பெட்டியில அவரோட சொந்தத் தெர்மாமீட்டர். வந்ததும் எங்க தெர்மாமீட்டர் ஸ்டாண்டைத்தான் முதல்ல பார்த்தார். குனிஞ்சு அதோட காலைப் பார்த்தார். காலைச் சுத்திப் பல மாசத்துத் தூசி வட்டமா, கலையாம இருந்துச்சு. "இது நகரவே இல்ல"ன்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டுக் குறிச்சார். அவசரம் சார் கூரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கதவைச் சாத்தினாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்க நாலு பேர். அண்ணி லீவரை மெதுவா ஏத்தினாங்க. நாலு குழாயோட அந்த என்ஜின் போட்ட சத்தம் வேற ஜாதி. தொண்டையைத் திறந்து பாடற மாதிரி இருந்துச்சு. தரை அதிர்ந்து என் முழங்கால் வரைக்கும் ஏறுச்சு. திரையில எண்ணு ஏறி ஏறி ஒரு இடத்துல நின்னுச்சு. எண்ணூத்தி ரெண்டு.

அண்ணி பேனாவை எடுத்து மாத்தினாங்க. "எழுநூத்தித் தொண்ணூத்தொண்ணு, ஹெச்.பி."

ஒண்ணு குறையுது. போஸ்டர்ல ஒண்ணு குறையாதுன்னு போட்டிருக்கான் பாவி. எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. அவசரம் சார் அண்ணி பக்கமாத் திரும்பி, "அடுத்தது ஓட்டுங்க, உடனே ஓட்டுங்க"ன்னார்.

அண்ணி என்ஜின் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்தாங்க. புதுச் சைலன்சரோட சூட்டையும் திரையில ஒவ்வொரு குழாயா விரல் வச்சுப் பார்த்தாங்க. சாட்சி பக்கம் திரும்பி, "குழாய் இன்னும் முழுசா சூடாகல. பத்து நிமிஷம் நிதானமா ஓட விட்டுட்டு அடுத்ததை ஆரம்பிக்கலாமா? விதியில இடம் இருக்கு"ன்னாங்க.

"இருக்கு"ன்னார் அவர்.

"பத்து நிமிஷமா"ன்னு இழுத்தார் அவசரம் சார்.

"பத்துத்தான் சார். இதுல திருத்தம் இல்ல."

அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அண்ணிக்கு இந்த ரூம் போச்சுன்னா நான் வீட்ல எந்த முகத்தை வச்சுக்கிட்டு உட்காருவேன்? தினமும் சாயங்காலம் என்ஜின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கற ஆளு. அந்தச் சிரிப்பை நானே தின்னுட்ட மாதிரி இருக்கும். அண்ணியோ கண்ணாடியில நெத்தியை ஒட்டிக்கிட்டு, செவப்பாப் பழுத்துட்டு வர்ற நாலு குழாயையும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு.

ரெண்டாவது ஓட்டம். எண்ணூத்தி எட்டு. "எழுநூத்தித் தொண்ணூத்தேழு, ஹெச்.பி."

மூணாவது. எண்ணூத்தி ஒம்பது. "எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு, ஹெச்.பி."

சாட்சி தனியா உட்கார்ந்து, அவர் குறிப்பு, அவர் தெர்மாமீட்டர், அவர் கணக்குன்னு போட்டுக்கிட்டே இருந்தார். எனக்குன்னு பார்த்து மனுஷன் கூட்டலை ரெண்டு தடவை சரிபார்த்தார். அப்புறம் பேனாவை மூடினார். "சராசரி எழுநூத்தித் தொண்ணூத்தஞ்சு. நூத்துக்கு ஒண்ணுக்குள்ள இருக்கு. எண்ணூறுன்னு போட்டுக்கலாம்."

ஃபிட்டர் அண்ணன்கள் வெளியில விசிலடிச்சாங்க. நான் அண்ணியைக் கட்டிப் பிடிச்சுட்டேன், ஆபீஸ்னுகூடப் பார்க்கல. அவசரம் சார் முகம் மலர்ந்து போச்சு. "ரூம் உங்களுக்குத்தான், அதுல என்ன சந்தேகம். ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே எண்ணூறுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டீங்க பாருங்க"ன்னார்.

அண்ணி தலையாட்டிட்டுப் போயிருக்கலாம். "இல்ல சார். அன்னைக்கு நான் சொன்னது சின்னக் குதிரை. ஃபாரத்துல போனது தப்பு"ன்னாங்க.

எனக்கு அதுக்கு மேல தாங்கல. "அதை எழுதினது நான் சார். அண்ணி சரியாத்தான் சொன்னாங்க"ன்னு போட்டு உடைச்சுட்டேன். அவர் கண்ணு என் மேல வந்து நின்னுச்சு. அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கணும், கையெழுத்து அவரோடது. வாயைத் திறந்தார்.

அவருக்கு முன்னாடி அண்ணி பேசினாங்க. "எழுதினது இவதான் சார். நாலு குழாயைக் கண்டுபிடிச்சதும் இவதான். மூணு மாசம் முன்னாடி வந்த மெயிலைத் திறக்காதது..." அத்தோட நிறுத்திக்கிட்டாங்க. அவசரம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அவசரமா ஒரு வேலை ஞாபகம் வந்துடுச்சு, போயிட்டார்.

ஃபாரத்தை மேஜை மேல வச்சேன். மனசுல நாலு நாளா அரிச்சுக்கிட்டு இருந்ததைக் கேட்டுட்டேன். "அண்ணி, எல்லாத்தையும் துருவித் துருவிப் பார்ப்பீங்களே. அன்னைக்கு ஏன் நீங்க கவனிக்கல?"

"நீ எழுதினதாச்சேன்னு படிக்காமப் போட்டேன்."

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாலு பக்கத்தையும் வரி வரியா விரல் வச்சுப் படிச்சாங்க. சாட்சி பொறுமையா நின்னார். நான் பக்கத்துல நின்னு வியர்த்துக் கொட்டினேன். ஒரு இடத்துலகூட அவங்க விரல் நிக்கல. கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினாங்க. கீழே 'தயாரித்தவர்'னு ஒரு கோடு. எந்த ஃபாரத்துலயும் அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்ல.

"நான் கான்ட்ராக்ட்டு அண்ணி. எனக்கு அந்த உரிமை இருக்கா?"

அண்ணி சாட்சியைப் பார்த்தாங்க. "எழுதினவங்கதான் போடணும்"னார் அவர்.

"போடு. இனிமே திட்டு வந்தா ரெண்டு பேருக்கும் சேர்ந்து வரட்டும்"னாங்க அண்ணி.

குனிஞ்சேன். என் பேரை நான் எழுத்துக் கூட்டி எழுதினேன்.